உலகம் பார்க்கும் ஆசைக்காகக் கப்பல் வேலைக்குப் போகலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஒரே நாற்காலியில் முப்பது வருடம் உட்கார என்னால் முடியாது. அடிக்கடி பயணம் போகிற வேலைதான் வேண்டும். மெர்ச்சன்ட் நேவியில் சேர்ந்தால் கைக்காசு செலவில்லாமல் உலகத்தையே பார்த்துவிடலாம் என்கிறார்கள். வீட்டில் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். யார் சொல்வது சரி?" இதில் கப்பல் என்பது ஓர் உதாரணம்தான். ஊர் பார்க்கும் ஆசைக்கு யாராவது மாதாமாதம் சம்பளம் தருவார்களா என்பதே அவர் உண்மையில் கேட்பது. பயணம் செய்வதற்குத் தருவார்கள், தம்பி. ஊர் பார்ப்பதற்குத் தரமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

நான் பதினேழு வருடம் கப்பலில் இருந்தவன். இன்ஜின் பிரிவில் ஜூனியர் இன்ஜினீயராகச் சேர்ந்து சீஃப் இன்ஜினீயராக வெளியே வந்தேன். அதன் பிறகு ஒன்பது வருடமாகக் கரையில் டெக்னிக்கல் சூப்பரின்டென்டென்ட் வேலை. அதாவது நான்கைந்து கப்பல்களின் பராமரிப்பை அலுவலகத்தில் இருந்து கவனித்துக்கொண்டு, தேவைப்படும்போது விமானம் ஏறி அந்தக் கப்பல் நிற்கும் துறைமுகத்துக்கு ஓட வேண்டும். பெரும்பாலும் மொத்தச் சரக்குக் கப்பல்கள் (தானியம் போன்றவற்றைப் பெட்டியோ மூட்டையோ இல்லாமல் அப்படியே கொட்டி ஏற்றுபவை), நடுவில் இரண்டு டேங்கர்கள். பயணிகள் கப்பலில் வேலை செய்ததில்லை, அதனால் அதைப் பற்றி வாய் திறக்கப் போவதில்லை. கப்பலைச் செலுத்தும் மேல்தளத்து அதிகாரிகளின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், செய்ததில்லை. (மெர்ச்சன்ட் நேவி என்றால் வணிகக் கப்பல்கள், கடற்படை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு விசேஷங்களில் இன்றைக்கும் யாராவது ஒரு பெரியவர் "உங்களுக்குத் துப்பாக்கி தருவார்களா" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.)

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். கடலில் இருந்த காலத்தில் அதன் வழியாக நான் போனது அறுபது தடவைக்குக் குறையாது. கிழக்கே போகும் கப்பலுக்கு மலாக்கா நீரிணைதான் வாசல், எண்ணெய் நிரப்ப நிற்கும் இடமும் அதுதான். ஆனால் கரையில் இறங்கி நடந்தது எட்டு முறையோ ஒன்பது முறையோ. மற்ற நேரமெல்லாம் நங்கூரம் போட்ட இடத்தில் எண்ணெய்ப் படகு பக்கத்தில் வந்து கட்டும், குழாயை மாட்டுவோம், அளவு பார்ப்போம், மாதிரி எடுத்து முத்திரை வைப்போம், கையெழுத்துப் போடுவோம், நங்கூரத்தைத் தூக்கிவிடுவார்கள். நகரத்தின் விளக்குகள் தெரியும். லிட்டில் இந்தியாவில் இட்லி கிடைக்கும் என்பதும் தெரியும். நான் இருப்பதோ நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத, நாற்பது டிகிரி தாண்டிய இன்ஜின் ரூமில்.

இன்ஜின் பிரிவில் சேர நினைப்பவர்களுக்கு யாரும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. கப்பல் ஓடும்போது இன்ஜினைத் திறக்க முடியாது, நிற்கும்போதுதான் திறக்க முடியும். ஆகவே துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததும் எங்களுக்கு வேலை அதிகமாகிவிடும். பிஸ்டனை வெளியே இழுப்பது, எரிபொருள் வால்வு மாற்றுவது, பம்ப்பைப் பிரிப்பது எல்லாம் அந்த இடைவெளிக்குத்தான் காத்திருக்கும். கப்பல் புறப்படும் நேரத்துக்குள் அத்தனையையும் மூடி, ஓட்டிப் பார்த்து, "இன்ஜின் தயார்" என்று மேலே சொல்லியாக வேண்டும். மேல்தளத்து ஜூனியர்கள் குளித்து, சட்டை மாற்றி, கரைக்குக் கிளம்பும்போது நாங்கள் முழங்கை வரை கிரீஸோடு படிக்கட்டில் நின்று, சிம் கார்டு வாங்கி வரச் சொல்லிக் காசு கொடுத்து அனுப்புவோம்.

கப்பலின் வகையும் இதில் பெரிய வித்தியாசம் செய்கிறது. கன்டெய்னர் கப்பல் பல துறைமுகங்களில் ஒரு நாள்கூட நிற்பதில்லை. ராட்டர்டாமுக்குப் போனேன் என்று சொல்பவர் போனது மாஸ்விளாக்டே என்ற முனையத்துக்கு. கடலை மேடாக்கி உண்டாக்கிய அந்த நிலத்தில் இருந்து நகரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். டேங்கர் முனையங்கள் தீப்பற்றும் ஆபத்தை எண்ணியே ஊருக்கு வெளியே கட்டப்பட்டவை, வளைகுடாவின் பல முனையங்களில் மாலுமிகளை வெளியே விடுவதே அபூர்வம். மொத்தச் சரக்குக் கப்பலில்தான் கொஞ்சம் மூச்சு விட முடியும். தானியம் ஏற்றும்போது மழை வந்தால் சரக்கு அறைகளின் மூடியை மூடியாக வேண்டும், நனைந்த தானியம் கெட்டுவிடும். பிரேசிலில் பரனகுவா துறைமுகத்தில் ஒருமுறை மழை விட்டுவிட்டுப் பெய்து பதினோரு நாள் நின்றோம். கப்பலை வாடகைக்கு எடுத்தவர் தலையில் கை வைத்திருப்பார். எங்களுக்கு அது தீபாவளி. நான் பார்த்தேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடிய ஊர்களில் பாதி, இப்படி மழையால் கிடைத்தவை.

முன்பு இவ்வளவு மோசமில்லை என்று எனக்கு முந்தைய தலைமுறை சொல்லும். அதை நம்புகிறேன், காரணமும் இருக்கிறது. கிரேனில் மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கிய காலத்தில் ஒரு துறைமுகத்தில் வாரக்கணக்கில் நின்றார்கள். கன்டெய்னர் வந்து அதை மணிக்கணக்காக்கிவிட்டது. அமெரிக்காவில் நடந்த 2001 தாக்குதலுக்குப் பிறகு 2004 ஜூலை 1 முதல் துறைமுகப் பாதுகாப்பு விதிகள் உலகம் முழுவதும் கடுமையாயின. அமெரிக்காவில் மாலுமிக்கான விசா இல்லாதவர் கப்பலின் ஏணியில் இறங்கி நிலத்தில் கால் வைக்க முடியாது. வெளியே விட்டாலும் கிடைக்கும் நான்கு மணி நேரத்தில் மாலுமிகள் சங்கத்தின் வேன் வந்து நிற்கும். 1856-இல் தொடங்கிய மிஷன் டு சீஃபேரர்ஸ் போன்ற அமைப்புகள் இன்றைக்கும் அந்தப் புண்ணியத்தைச் செய்கின்றன. வேன் நம்மை ஒரு வணிக வளாகத்தில் இறக்கிவிடும். சாக்லேட், ஷாம்பு, வீட்டுக்கு ஒரு போன். தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பேயிலும் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லண்டிலும் நான் பார்த்தது ஒரே மாதிரியான இரண்டு சூப்பர் மார்க்கெட்டுகளைத்தான்.

இவ்வளவும் படித்துவிட்டு "அப்படியானால் வேண்டாம் என்கிறீர்கள்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடலையே பார்க்க ஆசைப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. சாப்பாடு முடிந்து பின்தளத்துக்கு வந்து நின்றால் தெற்கு அட்சரேகைகளில் ஆல்பட்ராஸ் பறவைகள் சிறகை அசைக்காமலே நாள்கணக்கில் கூட வரும். அரபிக்கடலில் சில இரவுகளில் கப்பல் கிழித்துப் போகும் நீர் பச்சையாக ஒளிரும். நிலம் இல்லை, மரம் இல்லை, வானம் முழுவதும் உங்களுடையது. ஆனால் அது ஊர் சுற்றுவது இல்லை. ஊர்கள் இல்லாத இடத்தில் ஆறு மாதம் இருப்பது. சாண்டோஸில் சோயா ஏற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சீனாவின் சிங்தாவ் போக 11,000 கடல் மைலுக்கு மேல். மணிக்கு 12, 13 கடல் மைல் வேகத்தில் ஐந்து வாரத்துக்கும் அதிகம். அந்த ஐந்து வாரமும் அதே இருபத்திரண்டு முகங்கள், அதே மேசை, அதே சமையல்காரர், அதே படிக்கட்டு. நகர்வது கப்பல்தான். நீங்கள் ஒரே கட்டடத்தில் இருப்பீர்கள். நாற்காலி பிடிக்காது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை இந்த இடத்தில் வைத்து ஒருமுறை யோசியுங்கள்.

அந்தப் பாதையில்தான் ஒரு தடவை, சாண்டோஸை விட்டுப் பதினான்காம் நாள், என் அப்பா இறந்துபோன செய்தி வந்தது. கேப்டன் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். செயற்கைக்கோள் போனில் அம்மாவிடம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு என்று விட்டார். அடுத்த துறைமுகத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. நான் வீட்டு வாசலில் வந்து நின்றபோது கருமாதி முடிந்து பந்தலும் பிரித்திருந்தார்கள். இதை யார் மேலும் குறையாகச் சொல்லவில்லை, நடுக்கடலில் யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. உங்கள் வீட்டில் "வேண்டாம்" என்கிறார்களே, அவர்களுக்கு இதைச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். புயல், கொள்ளைக்காரன், தண்ணீர் என்று எதையாவது காரணம் காட்டுவார்கள். பெரும்பாலும் அவர்கள் மனதில் இருக்கும் பயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கரைக்கு வந்து சூப்பரின்டென்டென்ட் ஆனபோது இனி உண்மையாகவே உலகம் சுற்றுவோம் என்று நானும் நம்பினேன். 60 பக்க பாஸ்போர்ட் நான்கு வருடத்தில் தீர்ந்துபோனது. இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அடிக்கும், டர்போசார்ஜர் உடைந்துவிட்டது என்பார்கள். விடியும்போது விமான நிலையம், மறுநாள் படகு, கயிற்று ஏணி, இன்ஜின் ரூம், அறிக்கை, மறுபடி விமான நிலையம். அந்த நாட்டின் ஓட்டல் அறையில் இருக்கும் இஸ்திரிப் பெட்டி எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியும், அந்த ஊர் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. அடிக்கடி விமானத்தில் போகும் விற்பனை அதிகாரிகள், ஆலோசகர்கள், ஆடிட்டர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் விதிவிலக்காக இருந்தது. கப்பலை ஐந்து வருடத்தில் இரண்டு முறை தண்ணீரில் இருந்து எடுத்து அடிப்பகுதியைப் பரிசோதிக்க வேண்டும். உலர்துறை என்பார்கள். அந்த வேலை சில சமயம் மூன்று வாரம் இழுக்கும். இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் துஸ்லா என்ற இடம் முழுக்கக் கப்பல் பட்டறைகள். அங்கே மூன்று உலர்துறைகளுக்காக மொத்தம் எழுபது நாளுக்கு மேல் இருந்திருக்கிறேன். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளையில் தேநீர் தரும் கடைக்காரர் இரண்டாவது முறை போனபோது என்னை அடையாளம் கண்டுகொண்டார். வெல்டர்களோடு தரையில் உட்கார்ந்து பருப்பு சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் பிடித்து நகரத்துக்குப் போய், வழி தவறி, கேட்டுக் கேட்டுத் திரும்பி வந்தேன். சீனாவின் ஜோஷான் தீவுகளிலும் ஏறக்குறைய அப்படியே. இருபத்தாறு வருடத்தில் அறுபத்துச் சொச்சம் நாடுகளின் முத்திரை என்னிடம் இருக்கிறது. கனவில் வரும் ஊர்கள் நான்கோ ஐந்தோதான். அவை எல்லாம் வேலை இழுத்துக்கொண்டு போனதால் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்ட ஊர்கள்.

ஆகவே, பயணம் உள்ள வேலை எது என்று விசாரிக்கும்போது "எத்தனை நாடு" என்று கேட்காதீர்கள். ஓரிடத்துக்குப் போனால் எத்தனை இரவு தங்குவீர்கள், அந்த ஊரில் உங்கள் கையில் இருக்கும் நேரம் எவ்வளவு என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் பளபளப்பான வேலைகள் பல மங்கிவிடும். யாரும் பேசாத சில வேலைகள் மேலே வரும். மெக்கானிக்கல் படித்தவருக்கு என்று பார்த்தால், இயந்திரங்களை நிறுவி ஓட வைத்துக் கொடுக்கும் எரெக்ஷன், கமிஷனிங் பிரிவுகளைச் சொல்வேன். கோயம்புத்தூரில் ஜவுளி இயந்திரம் செய்யும் தொழிற்சாலைகள் நிறைய. அங்கிருந்து பங்களாதேஷுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போய் ஒரு மில்லிலேயே இரண்டு மூன்று மாதம் தங்கி இயந்திரத்தை நிறுவிவிட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். ஊர்ப் பெயர்கள் அவ்வளவு கவர்ச்சியாக இருக்காது. ஆனால் என் உறவுக்காரர் ஒருவர் வங்காள மொழியில் மீன் விலை பேசுவார். பாரிஸுக்கு ஆறு தடவை போய்வந்த நான் ஒரு காப்பி கேட்கக்கூடக் கையைத்தான் காட்டுவேன். காற்றாலை, டர்பைன், பாய்லர், பம்ப் என்று இந்த வகை வேலைகள் பரந்து கிடக்கின்றன. சம்பளம் கப்பலோடு ஒப்பிட்டால் குறைவு. அதை மறைக்கப் போவதில்லை.

உங்களைப் போலவே கேட்டு வேறு படிப்பில் இருப்பவர்கள் இதைப் படிக்கலாம் என்பதால் இரண்டு வரி. நிலவியல் படித்தவர்களுக்கு 1851-இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் மாதக்கணக்கில் களத்தில் முகாம் போட்டு, பாறையைத் தட்டிப் பார்த்து வரைபடம் போடுவதே அங்கே வேலை, தேர்வை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. அரசுத் தணிக்கைத் துறையிலும் கோப்புகளோடு ஊர் ஊராகப் போய்த் தங்கும் குழுக்கள் உண்டு. மருத்துவப் பிரதிநிதி வேலையில் வெளியூர்ப் படி கிடைக்கும், பஸ் நிலையங்களும் டாக்டர் வீட்டு வராந்தாக்களும் அத்துப்படி ஆகும். அதைப் பயண ஆசைக்காக யாரும் எடுக்க வேண்டாம்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் கடல்தான் என்றால், அதற்கான வழியைச் சொல்கிறேன். நீங்கள் பி.இ. முடித்ததும் ஜி.எம்.இ. (கிராஜுவேட் மரைன் இன்ஜினீயரிங்) என்ற ஒரு வருடப் பயிற்சியில் சேரலாம். மெக்கானிக்கல் பட்டத்தில் குறைந்தது 50 சதவீதமும், பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதமும் கேட்பார்கள். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது, தலைமையிடம் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி. அங்கீகாரம் பெற்ற தனியார் கல்லூரிகளும் உண்டு. கல்லூரியைவிட முக்கியம், ஒரு கப்பல் நிறுவனம் உங்களைத் தேர்ந்தெடுத்து ஸ்பான்சர்ஷிப் கடிதம் தருவது. பயிற்சி முடித்துச் சான்றிதழை வைத்துக்கொண்டு முதல் கப்பலுக்காக ஒன்று, இரண்டு வருடம் அலுவலகப் படி ஏறி இறங்கும் பையன்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். கடிதம் கையில் இல்லாமல் கல்விக்கடன் வாங்கிச் சேராதீர்கள். இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மோசடிக்காரர்களைப் பற்றியும் சந்தேகம் இல்லாமல் சொல்லலாம். கப்பலில் வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் பணம் வாங்குவது சட்டப்படி குற்றம். பாஸ்போர்ட், சி.டி.சி. என்கிற மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்று போன்ற செலவுகள்தான் உங்களுடையவை. கப்பல் துறை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் பெற்ற நிறுவனம் மட்டுமே ஆள் எடுக்கலாம், அந்தப் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. மூன்று லட்சம் கொடு, ஐந்து லட்சம் கொடு, சுற்றுலா விசாவில் துபாய் போ, அங்கே கப்பல் தயாராக இருக்கும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப் போனவர்கள் சேரும் கப்பல்கள் எப்படிப்பட்டவை தெரியுமா? முதலாளி சம்பளமும் டீசலும் தராமல் நடுவழியில் விட்டுவிட்டுப் போகும் கப்பல்கள். அண்மை ஆண்டுகளில் அப்படிக் கைவிடப்பட்ட மாலுமிகளில் இந்தியர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

ஒழுங்கான நிறுவனத்தில் நிலைமை வேறு. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது, இந்தியா 2015-இல் அதை ஏற்றுக்கொண்டது. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி ஓய்வு, ஏழு நாளில் 77 மணி ஓய்வு, ஒப்பந்தம் முடிந்தால் முதலாளி செலவில் ஊர் திரும்பும் உரிமை. ஓய்வு நேரப் பதிவேடு பல கப்பல்களில் காகிதத்தில் மட்டும் அழகாக இருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நானே அப்படிப்பட்ட பதிவேடுகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பெருமையாக இல்லை. சம்பளம் பயிற்சிக் காலத்தில் மாதம் சில நூறு டாலர், சீஃப் இன்ஜினீயருக்குப் பல ஆயிரம் டாலர். பெரும்பாலான இடங்களில் கப்பலில் இருக்கும் மாதங்களுக்கு மட்டும்தான் அது வரும், வீட்டில் இருக்கும் மாதங்களுக்குப் பூஜ்யம். ஒரு நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் வருமான வரியில் வெளிநாட்டில் வசிப்பவராகக் கருதுவார்கள் என்ற கணக்கை எல்லா மாலுமிகளும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அந்த நாள் கணக்கில் ஒன்று இரண்டு தவறிச் சிக்கலில் மாட்டியவர்களும் உண்டு. ஆண்டு முடிவதற்குள் ஓர் ஆடிட்டரிடம் சி.டி.சி. முத்திரைகளைக் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

உறுதியாகச் சொல்ல முடியாதவை என்றால், எப்போது வீடு திரும்புவீர்கள் என்பதுதான் முதலாவது. ஒப்பந்தத்தில் ஆறு மாதம் என்று போட்டிருக்கும். 2020-இல் கொரோனாவால் எல்லைகள் மூடப்பட்டபோது ஒரு கட்டத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கடலில் இருந்தார்கள். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிய எவர் கிவன் கப்பலை எல்லோரும் ஆறு நாள் செய்தியாகப் பார்த்தார்கள். அதில் இருந்த 25 பேரும் இந்தியர்கள். கப்பல் மிதந்த பிறகும் இழப்பீட்டு வழக்கில் ஜூலை 7 வரை கால்வாய் நடுவே ஏரியில் தடுத்து வைக்கப்பட்டது. சிலர் இடையில் ஊர் திரும்பினார்கள். மற்றவர்கள் மூன்று மாதத்துக்கு மேல் எகிப்தைத் தளத்தில் நின்றே பார்த்தார்கள். 2023 நவம்பரில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் நிறைய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. ஐரோப்பா போகும் கப்பலுக்கு அது பத்து நாளுக்கு மேல் கூடுதல். அடுத்து எந்த நீரிணையில் என்ன வரும் என்று சொல்ல நான் ஜோசியன் இல்லை. தங்கை கல்யாணத் தேதியைக் கப்பலைக் கேட்டு வைக்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

இனி சொல்வது என் ஊகம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் இன்ஜினைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, முழுக்க ஊர்களைப் பற்றித்தான் இருக்கிறது. கப்பலில் நிலைத்தவர்களை யோசித்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் அவர்கள் ஊர் பார்க்க வந்தவர்கள் இல்லை. கையில் ஸ்பேனர் இருந்தால் பசி மறப்பவர்கள், அல்லது வீட்டுக் கடன் அடைக்க வந்தவர்கள். ஊர் பார்க்க வந்தவர்கள் இரண்டாவது ஒப்பந்தம் முடிந்ததும் எம்.பி.ஏ. விண்ணப்பம் தேடினார்கள். எல்லோரும் அப்படி என்று சொல்லமாட்டேன். என்னோடு இருந்த ஒரு மூன்றாம் இன்ஜினீயர் ஊர் பைத்தியம். ஒப்பந்தம் முடிந்து கிடைக்கும் மூன்று மாத விடுமுறையைச் சேர்த்துவைத்த பணத்தில் முழுக்கச் சுற்றுவார். ஜார்ஜியா, வியட்நாம் என்று ஒவ்வொரு முறையும் ஒரே நாடு, ஒரே நீண்ட தங்கல். கப்பலை அவர் பயணமாக நினைக்கவே இல்லை, பயணத்துக்கான உண்டியலாக நினைத்தார். கல்யாணம் ஆகும் வரை அது நன்றாகவே ஓடியது.

உடனே செய்யக்கூடியது என்று கேட்டால், கண் டாக்டரிடம் போங்கள். நிறக்குருடு இருக்கிறதா என்று புள்ளிப் படங்கள் வைத்துச் சோதிப்பார்கள், பத்து நிமிட வேலை. அதில் தவறினால் கப்பல் கதை அன்றே முடிந்தது. என்னோடு நுழைவுக்கு வந்த ஒருவன் எல்லாத் தேர்விலும் தேறிவிட்டு அங்கேதான் திரும்பிப் போனான். இன்ஜின் பிரிவில் ஓரளவு கண்ணாடிக்கு இடமுண்டு, மேல்தளத்துக்கு அதுவும் கிடையாது. பிறகு வரும் செமஸ்டர் விடுமுறையில், நண்பர்கள் இல்லாமல், மொழி தெரியாத ஏதாவது ஓர் ஊருக்கு ரயிலில் போய் மூன்று வாரம் அங்கேயே தங்கிப் பாருங்கள். பத்து ஊர் வேண்டாம், ஒன்று போதும். எத்தனையாவது நாளில் சலித்தது, எத்தனையாவது நாளில் வீட்டு ஞாபகம் வந்தது என்று குறித்து வையுங்கள். திரும்பி வந்ததும் அந்தக் குறிப்பையும், கண்ணாடியின் பவரையும், இன்ஜின் சம்பந்தப்பட்ட பாடங்களில் எடுத்த மதிப்பெண்ணையும் எழுதி அனுப்பினால், ஜி.எம்.இ. விண்ணப்பமா கமிஷனிங் வேலையா என்று இன்னும் திட்டமாகப் பேசலாம்.